இருபத்துநான்கு வோல்ட்

ஐந்து ரோட்டுப் பேட்டரிக் கடையில் குப்புராஜ் கேட்டார்,
இன்வெர்ட்டருக்கா, ஆட்டோவுக்கா?
டேங்குக்கு என்றேன்.
தண்ணி டேங்குக்கு எதுக்குங்க பேட்டரி?

இது சங்கிலியில் ஊர்வது.
நூற்றுப் பத்துக் கிலோ, வயிறு இன்னும் காலி.
பீரங்கி மட்டும் பிளம்பிங் குழாய்.
பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை,
இரண்டு பெட்டிகளைப் பலகைமேல் வைத்தார்.

சூரமங்கலத்தில் சிக்னல் ரிலே அறை என் பொறுப்பு.
பதினோரு வருஷமாக
வரிசையில் நிற்கும் செல்களின் மூடியைத் திறந்து
யாருக்கு உடம்பு சரியில்லை என்று
நோட்டில் எழுதி வருகிறேன்.
ஈயம் சொல்லிக்கொண்டுதான் போகும்.
விளக்கு மங்கும், குரல் இறங்கும்,
வீட்டுக்கு ஆள் அனுப்ப நேரம் கொடுக்கும்.
லித்தியம் கடைசிக் கரண்டிவரை
முகம் மாறாமல் பரிமாறும்,
பந்தி நடுவிலேயே கைகழுவிவிடும்.

ஒன்பது கிலோ லித்தியம், இருபத்தெட்டு கிலோ ஈயம்.
எடை குறைவென்று அவர் சொன்னதையே
குறையாக எழுதிக்கொண்டேன்.
கனமில்லாவிட்டால் சங்கிலி மண்ணைக் கடிக்காது.
ஈயமே கட்டச் சொன்னேன்.
ஆட்டோக்காரர் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மோட்டார் இரண்டும்
செவ்வாய்ப்பேட்டை சாதிக்கின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தவை,
யாருடையதோ சக்கர நாற்காலி.
வலது மோட்டாரின் கார்பன் பாதிக்குமேல் கரைந்திருந்தது.
இடது, நேற்றுப் போட்டதுபோல.
அப்படியென்றால் அவர் எப்போதும்
இடப்பக்கமே திரும்பியிருக்கிறார்.
அங்கே என்ன? சன்னலா, டிவியா,
சோறு வரும் வாசலா?
கார்பனை மாற்றினேன். தேய்மானம் இன்னும் உள்ளே இருந்தது.
டேங்க் வலப்பக்கம் நழுவியது.
ரிமோட்டில் ட்ரிம்மை இரண்டு சொடுக்கு இடமாக வைத்தேன்,
அவர் பழக்கத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி.

பிரேக்கைக் கழற்றி எறிங்க, கரண்ட் குடிக்கும் என்றார் சாதிக்.
கரண்ட் இருந்தால் விடும், போனால் இறுக்கும் பிரேக்.
எறிய மனமில்லை.
கம்பி அறுந்தால் சிவப்பு, எலி கடித்தால் சிவப்பு,
எது கெட்டாலும் சிவப்பு என்று
சம்பளம் வாங்குகிறவள் நான்.

கன்ட்ரோலர் டப்பாவில் நூற்றிருபது ஆம்பியர் என்றிருந்தது.
டப்பா எழுத்தில் பாதியை நம்பலாம்.
ரிசீவருக்குத் தனியாக ஐந்து வோல்ட்:
மோட்டாருக்கு மூச்சுமுட்டும்போது காது அடைக்கக் கூடாது.
ஃப்யூஸ் ஐம்பது. விலை நாற்பது ரூபாய்.
மொத்த வண்டியிலும்
சாகச் சம்மதித்து ஏறியது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை, செட்டிச்சாவடிப் பக்கம்
வெள்ளைக்கல் மேடு.
பின்னால் சேர்வராயன், இடுப்புவரை மேகம்.
காவலாளி மாதையனும் நானும்
மினி லாரியிலிருந்து பலகை போட்டு உச்சியில் இறக்கினோம்.
இரவெல்லாம் சார்ஜ் போட்டிருந்தேன்,
ஒரு சொட்டுக்கும் இடமில்லாமல்.

சரிவில் இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகும்,
பிறந்த கரண்டைப் பேட்டரிக்கே திருப்பும்
என்று படித்தவள்தான்.
இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.
வாங்க ஆளில்லை என்று
கன்ட்ரோலர் கண்ணை மூடிக்கொண்டது.
நூற்று முப்பத்தெட்டுக் கிலோ.
கீழே மாதையனின் சைக்கிள்.

டக்.

யாரோ ஒருவர் சன்னல் பக்கம் திரும்பி
நாற்காலியை நிறுத்துகிற சத்தம்.
வெள்ளைத் தூசு மட்டும் கீழே போயிற்று.

பேட்டரி போச்சுங்களா? என்றார் மாதையன்.
இல்லைங்க, ரொம்ப நிறைஞ்சிருக்கு.
அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

கொஞ்சம் காலியாகட்டும் என்று
பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு
சங்கிலிக்கு ஆளுக்கொரு கல் வைத்து
உட்கார்ந்தோம்.
இரண்டே பல்பு. எவ்வளவு நேரம் ஆகுமோ.